நான் செஞ்சது

செப்டம்பர் 22, திங்கள்

இன்று முழுக்க உருண்டை கடைந்தேன். ரோமாபுரி வாளின் கைப்பிடியில் மூன்று மரத்துண்டுகள். கத்தியை ஒட்டி அரைவட்டமாக ஓர் அடிக்கட்டை. நடுவில், நான்கு விரலுக்கும் பள்ளம் வைத்த பிடி. கடைசியில் சாத்துக்குடி அளவில் ஓர் உருண்டை. கத்தியின் வால் இந்த மூன்றுக்குள்ளும் புகுந்து உருண்டையின் உச்சியில் எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு பித்தளை வில்லையைப் போட்டு, வாலின் நுனியைச் சுத்தியலால் தட்டி ஆணித்தலை மாதிரிப் பரத்திவிட்டால் கழலாது. மரம் என் வேலை. இரும்பு பெலிக்ஸ் வேலை.

இந்த வாளுக்குக் கூர் கிடையாது. விளிம்பு காசுபோலத் தடிமனாக இருக்கும். ஜெர்மனியில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோமாபுரிச் சிப்பாய் வேஷம் கட்டி மைதானத்தில் மோதிக்கொள்கிறார்களாம். அடி விழலாம், வெட்டு விழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் ஊரில் துணி துவைப்பார்கள்.

பூவரசு நன்றாகக் கடைசல் வாங்குகிறது. வேங்கை உளியை மழுக்குகிறது. கையெல்லாம் மஞ்சள்.

செப்டம்பர் 25, வியாழன்

வாங்குகிறவர் போனில் முகம் காட்டிப் பேசினார். எங்கள் பக்கத்தில் பேசியது முதலாளி மகன் நித்தின். பட்டறைக்குள் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கத்தியை அடிப்பது யார் என்று அந்த வெள்ளைக்காரர் கேட்டதும் பெலிக்ஸை இழுத்து முன்னால் நிறுத்தினார். பெயரைக் கேட்டு அவர் சிரித்து என்னவோ சொன்னார். அது ரோமாபுரிப் பெயராம், அதிர்ஷ்டக்காரன் என்று அர்த்தமாம்.

"எங்க பங்குச்சாமி வச்ச பேரு சார். அவருக்கு ரோமுக்குப் போகணும்னு ஆசை, கடைசி வரைக்கும் காளையார்கோவில் தாண்டல" என்றான் பெலிக்ஸ். நித்தின் இதை மொழிபெயர்க்கவில்லை.

மாலையில் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். வாளை ஓங்கிப் பிடித்தபடி நித்தின். பின்னால் மங்கலாக நாங்கள்.

செப்டம்பர் 27, சனி

மழை. மரம் ஈரம் குடித்துவிட்டது. உப்புத்தாள் வீணானதுதான் மிச்சம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. உளி, அரம், சுத்தியல், கடைசல் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். வாளைப் படையலில் வைக்கலாமா என்று ஒரு சின்ன வாக்குவாதம். உப்புத்தாள் பிடிக்கிற கலா அக்கா, அது விற்கிற சரக்கு, நம் கருவி இல்லை, அதற்கு எதற்குப் பொட்டு என்றார். முதலாளி தனபாலன், அதுவும் ஆயுதம்தானே என்று ஒன்றை எடுத்து வைத்தார்.

வைத்த வாளின் பிடியில் மயிரிழையாக வெடிப்பு. ஈரமரம். என் மரம்தான். இனி அது அனுப்ப முடியாத சரக்கு. பூஜை முடிந்ததும் முதலாளி அதைப் பெலிக்ஸிடம் நீட்டினார். "உன் கையால செஞ்சது. வீட்ல மாட்டி வையிடா." எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பொரியும் கடலையும் கொடுக்கிற கையாலேயே கொடுத்தார்.

அக்டோபர் 3, வெள்ளி

வெடித்த பிடியோடு ஒரு பொருள் வெளியே போவது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த வாளுக்கு மட்டும் புதுப் பிடி செதுக்கினேன். பெலிக்ஸின் கையை வைத்து அளவு பார்க்க வேண்டியிருந்தது. ஜெர்மனிக்காரன் அளவில் செய்தால் இவன் கைக்கு எப்படி நிற்கும்? சுண்டுவிரல் பள்ளத்தை இரண்டு தடவை திருத்தினேன். "மோதிரத்துக்கு அளவெடுக்குற மாதிரில்ல இருக்கு ஜோதி" என்று கலா அக்கா சொன்னார். அவருக்கு வேலையில் கவனம் கிடையாது.

அக்டோபர் 5, ஞாயிறு

பெலிக்ஸின் அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள். பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தான். அம்மா, காலனிக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்டாள். நான் சண்டை போட்டேன். ஆனால் போகவில்லை. துணி துவைத்தேன்.

சாயங்காலம் அவன் ஸ்டேட்டஸ் பார்த்தேன். பந்தலுக்குக் கீழே கேக். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த வாளால் கேக்கை வெட்டுகிறான். வெட்டவில்லை, நசுக்குகிறான். க்ரீம் வழிகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். கீழே எழுதியிருந்தான்: "நான் செஞ்சது."

நல்ல படம். அதை எதற்கு நான் சேமித்து வைத்தேன் என்றால், பிடி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க.

அக்டோபர் 6, திங்கள்

பெலிக்ஸ் வேலைக்கு வரவில்லை. பத்து மணிவாக்கில் அவன் அம்மா மரியபுஷ்பம் பட்டறை வாசலுக்கு ஓடி வந்தார். விடியும்போது போலீஸ் வந்து தூக்கிப் போய்விட்டதாம். வாளையும் எடுத்துக்கொண்டார்களாம்.

யாரோ அந்தப் படத்தை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். காலனி வழியாகத் தேர் வரக்கூடாது என்று பேசின அதே வாய்கள்தான். பட்டாக்கத்தியால் கேக் வெட்டுகிறவன் ரவுடி என்பது இப்போது சட்டமாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அவனைச் சிக்கவைத்தது வாள் இல்லை, அந்த இரண்டு வார்த்தை. ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே போன அவன் அம்மா காதுபட, எஸ்.ஐ. அவனை உட்காரவைத்து முதலில் கேட்டதே, "யாரைச் செஞ்ச?" என்றுதானாம். வாளைச் செய்தேன் என்றிருக்கிறான். "அது தெரியும்டா. வாளால யாரைச் செஞ்ச?" என்று மறுபடி கேட்டிருக்கிறார். இந்த ஊரில் ஒருவன் கைவேலை செய்தாலும் செய்ததுதான், ஆளை வெட்டினாலும் செய்ததுதான். காலனிக்காரன் சொன்னால் எந்த அர்த்தம் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

மரியபுஷ்பத்தம்மாவிடம் எஸ்.ஐ. தன்மையாகத்தான் பேசினாராம். "உன் மகனுக்கு எந்தக் கை பழக்கம்மா? வலதா, இடதா?" வலது என்று சொல்லியிருக்கிறார், அப்பாவி. "பாத்ரூம் வழுக்குது. பாத்து நடக்கச் சொல்லு."

இதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. வாரத்துக்கு ஒருத்தன் ஸ்டேஷனில் வழுக்கி விழுகிறான். கையில் மாவுக்கட்டோடு பேப்பரில் படம் வருகிறது. டீக்கடையில் படித்துவிட்டுச் சபாஷ் என்கிறார்கள். வழுக்குவது எப்போதும் பழக்கமுள்ள கைதான்.

மதியம் உருண்டை கடைந்தேன். மூன்று கோணல்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைய பேப்பர். நான்காம் பக்கத்தில், "உலகச் சந்தையில் நம்ம ஊர் வாள்." வாளை ஓங்கியபடி நித்தின். ஒன்பதாம் பக்கத்தில், "பட்டாக்கத்தியுடன் கேக் வெட்டிய வாலிபரிடம் விசாரணை." அதே மாதிரி வாள், ஒரே அச்சு. பெலிக்ஸ் இடுப்பில் இருந்த குழந்தையின் முகத்தை மட்டும் மறைத்திருக்கிறார்கள்.

நான்காம் பக்கத்தை வெட்டி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

முதலாளியிடம் போனேன். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், நீங்கள் கொடுத்தது, கூர் இல்லாதது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஏற்றுமதி அனுமதி, லைசென்ஸ், தீபாவளிக்கு முன் சரக்கு கப்பல் ஏறவேண்டும் என்றெல்லாம் சொன்னார். பிறகு, "நான் கொடுத்தேன்னு எழுத்துல இருக்காம்மா?" என்றார். பொரிக்குக்கூட எழுத்து இல்லை.

அரை நாள் விடுப்பு போட்டு மரியபுஷ்பத்தம்மாவோடு ஸ்டேஷன் போனேன். கையோடு இன்னொரு வாளைக் கொண்டுபோக முடியாதே, அதனால் போனில் படங்களைக் காட்டினேன். விளிம்பின் தடிமன், ஜெர்மனிக்குப் போகிற பெட்டி, எல்லாம். எஸ்.ஐ. பொறுமையாகப் பார்த்தார்.

"மழுங்கல்தான். நான் மறுக்கலையே. ஆனா அவன் போட்ட போட்டோவுல மழுங்கல் தெரியுதா?"

உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. மரியபுஷ்பத்தம்மா, அது என் பிள்ளை இருமல் என்றார்.

அங்கிருந்து கோர்ட்டுக்குப் போய் வக்கீல் தமிழ்மதியைப் பார்த்தோம். எங்களுக்கு எதிரிலேயே ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கைது என்று காட்டினால் ஒரு நாளுக்குள் நீதிபதி முன்னால் நிறுத்தியாக வேண்டும். காட்டாவிட்டால் அவன் எங்கேயும் இல்லை. எங்கேயும் இல்லாதவனுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

"யாராவது அவனைக் கண்ணால பாத்துட்டா போதும். முழுசா இருக்கும்போதே பாக்கணும்" என்றார் வக்கீல். மேல்கோர்ட்டுக்கு மனு தயார் செய்கிறார். அதற்கு நாளாகும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா, அந்தப் பக்கத்துப் பையனுக்காக நீ எதற்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாய் என்றாள். கூட வேலை பார்க்கிறவன் என்றேன். கூட வேலை பார்க்கிறவர்கள் பதினைந்து பேர் இருக்கிறார்களே, மற்றவர்கள் நின்றார்களா என்று கேட்டாள். சாப்பிடாமல் படுத்தேன்.

அக்டோபர் 8, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஏட்டு அழகுமலை சீருடை இல்லாமல், வேட்டியும் சட்டையுமாக வந்தார். கையில் உரச்சாக்கு. முதலாளியோடு அலுவலகத்தில் ஏதோ பேசினார். பிறகு இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். சாக்கைப் பிரித்தால் பெலிக்ஸின் வாள். உருண்டையின் மேல் பூஜைக் குங்குமம் இன்னும் இருந்தது. பள்ளத்தில் காய்ந்த க்ரீம்.

"கொஞ்சம் சாணை பிடிச்சுக் கொடு ஜோதி" என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு உடனே புரியவில்லை. ஏட்டையா விளக்கினார். கோர்ட்டில் காட்டும்போது இது சீப்பு மாதிரி இருக்கக்கூடாதாம். கொஞ்சம் விளிம்பு இருந்தால் கேஸ் நிற்குமாம். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்குக் கைது காட்டப்போகிறோம் என்றார். அதற்குள் பையன் வழுக்கி விழுந்துவிடாமல் இருந்தால் சரி என்றும் சொன்னார். மிரட்டலாகச் சொன்ன மாதிரி இல்லை. பஸ் வந்தால் சரி என்கிற மாதிரி சொன்னார்.

முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு யாராவது செய்திருப்பார்கள். சாணைக்கல் சுவரோரமாகத்தான் இருக்கிறது.

"கைப்பிடியோட சாணை வைக்க முடியாது ஏட்டையா. சூட்டுல மரம் வெடிச்சுரும். கழட்டணும்" என்றேன்.

பொய். ஈரத்துணி சுற்றினால் போதும்.

"கழட்டு" என்றார்.

வாளை இடுக்கியில் மாட்டினேன். வாலின் தலையை அரத்தால் ராவினேன். பித்தளை வில்லை தெறித்து விழுந்தது. மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி உருண்டையை எடுத்தேன், பிடியை எடுத்தேன், அடிக்கட்டையை எடுத்தேன். வரிசையாக மேசைமேல் வைத்தேன். மிச்சம் இருந்தது ஓர் இரும்புப் பட்டை. அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

"வால் குட்டையாப் போச்சு. இனிமே மாட்டுனா தட்டுறதுக்கு நுனி இல்ல. நெருப்புல காய வச்சு நீட்டணும். சாணை அதுக்கப்புறம்தான்."

"சரி, நீட்டு."

"நான் மரவேலை. அது பெலிக்ஸ் வேலை."

"வேற ஆளு இல்லையா?"

"வெளியில இருந்து கூட்டியாங்க. இந்த வாளு எப்படி இங்க வந்துச்சுன்னு அந்த ஆளுக்கும் நீங்கதான் சொல்லணும்."

அவர் மேசையைப் பார்த்தார். நான்கு துண்டுகளாகக் கிடப்பது ஸ்டேஷன் சொத்து. இப்படியே எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. இங்கே கொண்டுவந்ததை வெளியே சொல்லவும் முடியாது.

வால் குட்டையாகவில்லை. உருண்டையை ஒரு நூல் உப்புத்தாளில் தேய்த்தால் நுனி வெளியே வந்துவிடும். இரும்பு தெரிந்த இன்னும் இரண்டு பேர் உள்ளேயே இருந்தார்கள், கலா அக்காவுக்கே தட்டத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலா அக்கா உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா ஏட்டையா, அவன் தட்டுனாத்தான் நிக்கும்" என்றார்.

முதலாளிக்கும் தெரியும். இதே கடைசல் மோட்டாரில் பத்து வருஷம் நின்றவர் அவர். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

"பையன் வந்தாத்தான் ஆகும். வலது கை நல்லா இருக்கணும். சுத்தியல் பிடிக்கிற வேலை" என்றார்.

சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏட்டையா டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தார். வெளியே போய்ப் போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, நாளைக் காலையில் கூட்டி வருகிறேன், ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றார். போகும்போது என்னிடம் மட்டும், "நீ யாரு வீட்டுப் பொண்ணு தாயி?" என்று கேட்டார். சொன்னேன். சாதியையும் சேர்த்துத்தான் கேட்கிறார் என்று தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வக்கீலுக்குப் போன் செய்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

கூட்டி வந்தார்கள். பைக்கில், ஏட்டையாவுக்கும் இன்னொரு போலீஸ்காரருக்கும் நடுவில். நான் முதலில் பார்த்தது கையைத்தான். இரண்டும் இருந்தன. உதடு வீங்கியிருந்தது. காலைச் சாய்த்து நடந்தான். அதையெல்லாம் பிறகுதான் பார்த்தேன்.

மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தான். மூன்று மரத்தையும் வாலில் கோத்துப் பார்த்தான். நுனி தெரிந்தது. இவ்வளவு போதுமே என்று அவன் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"ரொம்பக் குட்டை" என்றான். "கரி போடணும். அடுப்பு சூடேற நேரமாகும் ஏட்டையா."

கரி போட்டான். அணைந்தது. மறுபடி மூட்டினான். வாலைச் சிவக்கவைத்து இரண்டு தட்டு தட்டினான், தூக்கிப் பார்த்தான், மறுபடி நெருப்பில் வைத்தான். டீ நேரத்துக்குள் முடிகிற வேலை. அவன் ஒரு கோவில் தேருக்கு அச்சு அடிப்பது மாதிரி செய்தான். இன்னொரு போலீஸ்காரர் தூங்கிவிட்டார். கலா அக்கா அவனுக்கு இட்லி கொண்டுவந்து கொடுத்தார். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை ஏட்டையா அவசரப்படுத்தவில்லை.

நான் பக்கத்தில் நின்று, அளவு பார்க்கப் பிடியைக் கொடுத்தேன். குரலைத் தாழ்த்தி, "எதுக்கு ஜோதி இதெல்லாம்? ஒனக்கு வேலை போயிரும்" என்றான். பிடி கழன்று கிடந்தால் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான் என்றேன். வீங்கின உதட்டோடு சிரிக்க முடியாமல் சிரித்தான்.

பிடி மாட்டுமுன் சாணை பிடிக்க பெலிக்ஸ் சாணைக்கல்லின் சுவிட்சைப் போட்டதும் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வக்கீல் தமிழ்மதி, மரியபுஷ்பத்தம்மா, கோர்ட்டில் இருந்து இன்னும் இரண்டு கறுப்புக் கோட்டு. வக்கீல் யாரையும் திட்டவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தபடியே பேசினார். "இவர்தானே ஸ்டேஷனில் இல்லாத பெலிக்ஸ்? ஏட்டையா, அந்த வாளை மேசைமேல வச்சிருங்க. விளிம்பையும் எடுத்துக்கிறேன். பெலிக்ஸ், ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுங்க. விரலை மடக்குங்க. நீட்டுங்க."

அவன் மடக்கினான், நீட்டினான். மரியபுஷ்பத்தம்மா அப்போதுதான் அழுதார்.

சாணைக்கல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான் போய் நிறுத்தினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நேற்றுச் சாயங்காலமே நீதிபதி முன்னால் நிறுத்திவிட்டார்கள். நேற்று மதியம்தான் பிடித்ததாக எழுதியிருக்கிறார்கள். போலீஸ் அடித்தார்களா என்று நீதிபதி கேட்டபோது, இவன் கீழே விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறான். வக்கீலுக்கு ஆத்திரம். எனக்கும்தான். ஆனால் தினமும் அந்தத் தெருவில் நடக்கப்போகிறவன் அவன், நாங்கள் இல்லை. ஜாமீன் கிடைத்தது. கேஸ் இருக்கிறது. வாள் கூர் இல்லாமல் கோர்ட்டில் இருக்கிறது.

முதலாளி என்னையும் பெலிக்ஸையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. என் உளிகளைத் துணியில் சுற்றி அவரே எடுத்துக் கொடுத்தார். நல்லவர் என்று எழுத வரவில்லை. கெட்டவர் என்று எழுதவும் பேனா நகரவில்லை. ஒரு தடவை வாயை மூடிக்கொண்டார், ஒரு தடவை திறந்தார். நேற்று முன்தினம் திறந்தது சரியான தடவை.

அக்டோபர் 11, சனி

கட்டில்கால் கடைகிற கடை ஒன்றில் கேட்டேன். பொண்ணுங்களுக்கு வேலை இல்லை என்றார். என் உளியை வாங்கிப் பார்த்துவிட்டு, திங்கள்கிழமை வா என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

கட்டில்கால். ரோமாபுரி உருண்டையைவிட எளிது.

ஜாமீனுக்கு ஒரு நிபந்தனை. பெலிக்ஸ் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். புதுக் கடைக்கு ஸ்டேஷன் வழியாகவும் போகலாம், கொஞ்சம் சுற்று. காலையில் அந்த வழியாகத்தான் போனேன். அவன் அம்மா வேப்பமரத்தடியில் நின்றார். நானும் நின்றேன். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பைக்கை நிதானமாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும்.

உள்ளே எஸ்.ஐ. நோட்டைத் தள்ளி வைத்தாராம். எந்தக் கை என்று இந்தத் தடவை கேட்கவில்லையாம். பெலிக்ஸ் வெளியே வந்து விரலில் இருந்த மையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"போட்டாச்சு" என்றான்.

"எந்தக் கையால?" என்று கேட்டேன்.

வலது கையைத் தூக்கிக் காட்டினான். நடுத்தெருவில், ஸ்டேஷன் வாசலில். இறக்கு, யாராவது படம் எடுத்துவிடப் போகிறார்கள் என்றேன். உடனே இறக்கவில்லை.